உத்தரவாதம் வங்கிக்கு, கடன் உங்களுக்கு

கேள்வி: திண்டுக்கல்லில் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்க ஆசை. மொத்தம் 15 லட்சம் ஆகுமாம். கையில் 5 லட்சம் இருக்கிறது. மீதிக்கு முத்ரா கடன் வாங்கலாம், வீட்டுப் பத்திரம் வேண்டாம், கடை ஓடாவிட்டாலும் அரசு பார்த்துக்கொள்ளும் என்கிறார் கம்பெனிக்காரர். இந்த வாரமே 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
– ஒரு வாசகி

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள், சகோதரி.

அவர் சொன்னதில் பாதி நிஜம். முத்ராவில் ‘தருண்’ பிரிவில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் தருகிறார்கள். ஆனால் அரசு உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. கடை மூடினால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பங்கை உத்தரவாத நிதி ஈடுகட்டும். உங்கள் கடன் அப்படியேதான் இருக்கும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெடும், வங்கி வழக்கும் போடலாம். ‘அரசு பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி விற்கிறவரிடம் மற்ற விஷயங்களையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்ராவோடு நிற்காமல், மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் பற்றியும் விசாரியுங்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களை அதில் ஏற்கிறார்கள். பெண்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவிகிதம் மானியம். சொந்தப் பணம் 5 சதவிகிதம் போதும். மானியத்தைக் கையில் தர மாட்டார்கள். மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, கடை நடக்கிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழியும். டீயோடு சிகரெட்டும் விற்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இந்தத் திட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 10 லட்சம், 11 சதவிகித வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்த கம்பெனிக்கு மாதாமாதம் தரும் பங்கு, 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அது லாபத்தில் இல்லை, விற்பனையில். தினம் 15 ரூபாய் டீ 400 விற்றால் மாதம் 1,80,000, ராயல்டி 9,000. அதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 1,620. உணவகங்களுக்கு 5 சதவிகித வரி முறையில் உள்ளீட்டு வரிச் சலுகை (நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) கிடையாது என்பதால், அந்த 1,620 திரும்பி வராது. ஒரு டீக்கு 7 ரூபாய் மிஞ்சினாலும், தவணைக்கும் ராயல்டிக்கும் அதன் வரிக்கும் மட்டுமே தினம் 150 டீக்கு மேல் போய்விடும். வாடகையும் டீ மாஸ்டர் சம்பளமும் மீதி 250 டீயில்தான்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது காலக்கெடுவைத்தான். மூன்று வருட ஒப்பந்தத்தில் கடை எடுத்து ஐந்து வருடக் கடன் வாங்கினால், கடைசி இரண்டு வருடம் போர்டு இருக்குமா என்பது கம்பெனியின் கையில். புதுப்பிக்க மறுபடி கட்டணம் உண்டா, அதே தெருவில் இன்னொரு கடை திறக்கலாமா, தூளும் மசாலாவும் அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா, டெபாசிட் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே முழு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. அதனால் நீங்களேதான் துருவ வேண்டும்.

கம்பெனி காட்டுகிற கடையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மூடிப்போன கடையை நடத்தியவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஓடுகிற கடை ஒன்றில் மாலை நான்கிலிருந்து ஏழு வரை உட்கார்ந்து எத்தனை டீ போகிறது என்று எண்ணுங்கள்.

இவ்வளவும் திருப்தியாக இருந்தால் முதலில் வங்கியின் அனுமதிக் கடிதம், அப்புறம் முன்பணம். அதற்கு முன்பே பணம் கட்டியாக வேண்டும் என்றால், கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வேறு கம்பெனி பாருங்கள். முத்ராவுக்கு ஏஜென்ட் யாரும் கிடையாது, கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள்.