அண்ணாச்சி பதில்: ரைஃபிளோடு பதினைந்து மணி நேரம்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் மருமகன் ஹூஸ்டனில் இருக்கிறார். கிரீன் கார்டு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஆபீஸ் நண்பர் ஒருவரோடு ஜூன் மாதம் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறாராம், ஆளுக்கு ஒரு ரைஃபிள். ஹூஸ்டனில் ஏறி அட்லாண்டா, அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க். சாயங்காலம் இறங்கி, மறுநாள் காலையில்தான் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்குக்கு விமானம், நடுவில் பதினைந்து மணி நேரம். துப்பாக்கியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தால் போலீஸ் பிடிக்காதா என்று என் மகளுக்குத் தூக்கமே இல்லை. மருமகனைக் கேட்டால் ‘எல்லாம் பாத்துக்கிடலாம் மாமா’ என்கிறார். அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி எழுதுங்கள்.
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மகளை முதலில் தூங்கச் சொல்லுங்கள். துப்பாக்கியை வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை, பயணிகள் இருக்கிற பக்கத்துக்கே அது வராது. ஹூஸ்டன் கவுன்ட்டரில் பூட்டிய பெட்டியாகக் கொடுத்தால் விண்ட்ஹோக்கில் போலீஸ் மேசையில்தான் மறுபடி அதைப் பார்க்க வேண்டும், நடுவில் பார்க்கவே கூடாது. நடுவழியில் அதைக் கையில் வாங்குகிற நிலைமை வந்தால்தான் வம்பு. அந்தப் பதினைந்து மணி நேரத்தில் மருமகனுக்கு இருக்கிற ஒரே வேலை, அப்படி ஒரு நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது.

நம்ம பக்கம் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள் இல்லையா? வயலில் பன்றி விரட்ட என்று லைசென்ஸ் எடுத்த என் பெரியப்பா, அந்த ரசீதை நாலாக மடித்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டு எண்ணி முடிகிற வரை நிம்மதியாக இருப்பார். துப்பாக்கி எங்கே என்று யார் கேட்டாலும் பையைத் தட்டிக் காட்டுவார். விமானத்தில் அந்த ரசீதுதான் பெட்டியில் ஒட்டுகிற டேக்.

அதனால் மருமகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டிக்கெட் ஒன்றா, இரண்டா? ஹூஸ்டனிலிருந்து விண்ட்ஹோக் வரை ஒரே டிக்கெட்டாக இருந்து, நடுவில் 24 மணி நேரத்துக்கு உள்ளே இருந்தால் பெட்டியைக் கடைசி ஊர் வரை டேக் போட்டு வாங்கலாம். விலை குறைவு என்று ஜோகன்னஸ்பர்க் வரை ஒரு கம்பெனி, அதற்கு அப்புறம் வேறொரு கம்பெனி என்று தனித்தனியாக எடுத்திருந்தால் பெட்டி ஜோகன்னஸ்பர்க்கிலேயே இறங்கிவிடும். இறங்கினால் அது தென்னாப்பிரிக்காவுக்குள் துப்பாக்கி கொண்டுவந்த கணக்கு. அந்த நாட்டுப் போலீஸின் எஸ்.ஏ.பி. 520 என்கிற தற்காலிக அனுமதி வேண்டும், அதைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும், வேட்டைப் பண்ணைக்காரர் அனுப்பிய அழைப்புக் கடிதமும் பாஸ்போர்ட், டிக்கெட் நகல்களும் கேட்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ ஏர்போர்ட்டில் இதற்கென்றே போலீஸ் அலுவலகம் இருக்கிறது, மற்றப் பெட்டிகளோடு பெல்ட்டில் சுற்றி வராமல் ரைஃபிள் நேராக அங்கேதான் போகும். நடக்காத காரியம் இல்லை, வேட்டைக்காரர்கள் தினமும் செய்கிறார்கள். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டோடு போகிற ஆளுக்கு அந்த நாட்டுக்குள் நுழையவே விசா வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. விசா இல்லாதவர் பெட்டி எடுக்க வெளியே வரவும் முடியாது, பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகவும் போகாது.

நான் வளைகுடாவில் ஒரு ஏர்போர்ட்டில் பெட்டிப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒருநாள் விடியற்காலையில் ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி, அறுபது வயசு இருக்கும், எங்கள் மேசைக்கு வந்து டேக் துண்டைக் காட்டினார்கள். அதில் எங்கள் ஊர்க் குறியீடு மட்டும் இருந்தது, அவர்கள் போக வேண்டிய ஊரின் மூன்று எழுத்து இல்லவே இல்லை. புறப்பட்ட இடத்தில் கவுன்ட்டர் பையன் அவசரத்தில் அடித்திருக்கிறான், இவர்களும் பார்க்காமல் வாங்கி பாஸ்போர்ட்டுக்குள் சொருகிவிட்டார்கள். ரைஃபிள் போலீஸ் அறையில், இவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அனுமதி வந்து சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. அந்த அம்மா என்னிடம் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதனால் மருமகனிடம் சொல்லுங்கள்: டேக் துண்டைக் கவுன்ட்டரிலேயே நின்று படிக்க வேண்டும். கடைசியில் டபிள்யூ.டி.எச். என்று இருந்தால் விண்ட்ஹோக், ஜோகன்னஸ்பர்க்கின் ஜே.என்.பி. என்று முடிந்தால் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அப்படியே அதை போட்டோ எடுத்து உங்கள் மகளுக்கும் அனுப்பிவிடட்டும்.

பதினைந்து மணி நேரம் என்று பயப்படுகிறீர்கள், நானாக இருந்தால் சந்தோஷப்படுவேன். துப்பாக்கிப் பெட்டி மற்றப் பெட்டி மாதிரி பெல்ட்டில் ஓடி விமானம் மாறாது, பெரும்பாலும் ஒரு ஆள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளி என்றால் மனிதன் ஏறிவிடுவான், ரைஃபிள் நின்றுவிடும். ராத்திரி முழுக்க நேரம் இருந்தால் எந்தத் தப்பையும் திருத்தலாம். இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் மேசைக்குப் போய் டேக் நம்பரைக் காட்டி, பெட்டி எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளட்டும். காலையில் ஏறுவதற்கு முன் வாசலில் நிற்கிற ஆளிடம் ஏற்றியாயிற்றா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். கூச்சப்பட வேண்டாம், நாங்கள் எரிச்சல்படுவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோமே தவிர கேட்டால்தான் போய்ப் பார்ப்போம். நண்பர் அமெரிக்கராக இருந்து ஊருக்குள் ஹோட்டலுக்குப் போக ஆசைப்பட்டால் போகட்டும், ஆள் போகலாம், துப்பாக்கி போகக் கூடாது.

விமானம் ரத்தாகி, கம்பெனிக்காரர்கள் ஹோட்டல் கொடுத்து ‘பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும்போதுதான் உண்மையான ஆபத்து. 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவருக்கு அமெரிக்காவுக்குள்ளேயே இது நடந்தது. நியூஜெர்சியில் நியூவார்க் ஏர்போர்ட்டில் இணைப்பு விமானம் தவறியது. பூட்டிய பெட்டியில் இருந்த கைத்துப்பாக்கியோடு ராத்திரி ஹோட்டலில் தங்கிவிட்டு, காலையில் கவுன்ட்டரில் ஒழுங்காக ‘இதில் துப்பாக்கி இருக்கிறது’ என்று அவரே சொன்னார். கைது செய்துவிட்டார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் துப்பாக்கி கொண்டுபோக மத்தியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஆனால் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிற வரைதான். ராத்திரி அறையில் அது அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. வழக்கைக் கைவிட்டார்கள். அவர் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. தப்பே செய்யாத ஆள். ஆகவே திரும்பி வரும்போது நியூயார்க், நியூஜெர்சி வழி டிக்கெட் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், எங்கே விமானம் ரத்தானாலும் ‘பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ரசீது போதும்’ என்று சொல்லட்டும்.

இன்னொன்று, வேறு வழியில் டிக்கெட் மாறினால் அந்த நாட்டு விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் வழி போனால் துப்பாக்கி கீழே இறங்காவிட்டாலும் நெதர்லாந்து சுங்கத்துறையின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். பெட்டி கடைசி வரை டேக் ஆனாலும், கடந்து போகவே அனுமதி கேட்கிற நாடுகள் உண்டு.

காகிதத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். அமெரிக்கச் சுங்கத்தின் ஃபார்ம் 4457. புறப்படுவதற்கு முன் ரைஃபிளைப் பெட்டியோடு அங்கே கொண்டுபோய்க் காட்டி, சீரியல் நம்பரை எழுதி, முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். திரும்பி வரும்போது ‘இது இங்கிருந்து போனதுதான்’ என்று சொல்கிற காகிதம் அது. ஆப்பிரிக்காவில் அதையே துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் என்ற அத்தாட்சியாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. படிவத்தின் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். அது அந்த அச்சுப் படிவத்துக்கான தேதி, துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் அதைப் பார்த்து ‘உன் அனுமதி முடிந்துவிட்டது’ என்று நிறுத்தி வைத்த கதை நடந்திருக்கிறது. வாதாடி ஜெயிக்கலாம், ராத்திரி பத்து மணிக்கு யாருக்கு வாதாடத் தெம்பு இருக்கும்? தேதி தாண்டாத புதுப் படிவத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சீரியல் நம்பரை துப்பாக்கியைப் பார்த்து ஒரு தடவை, படிவத்தைப் பார்த்து ஒரு தடவை, விரலை வைத்துப் படிக்க வேண்டும்.

தோட்டா ஆளுக்கு 5 கிலோ வரைதான், பெட்டி எடையோடு சேர்த்து. ரெண்டு பேர் கணக்கையும் ஒரே பெட்டியில் 10 கிலோவாகக் கட்டக் கூடாது, நண்பர்கள் சேர்ந்து போகும்போது செய்கிற தப்பு இது. ரைஃபிளின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற பாகத்தை, கழற்றிப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும், கைப்பையில் வேண்டாம். குறி பார்க்க ரைஃபிள் மேல் மாட்டுகிற டெலஸ்கோப்பைக் கைப்பையில் கொண்டுபோகலாம். பெட்டிச் சாவி மருமகன் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும்.

கிரீன் கார்டு என்று எழுதியிருந்ததால் ஒரு பெரிய கேள்வியை விட்டுவிட்டேன். இதைப் படிக்கிற எச்-1பி பிள்ளைகள் கவனியுங்கள்: தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். மாநில அரசின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. நண்பன் வாங்கித் தந்தான் என்பதெல்லாம் செல்லாது.

கடைசியாக என் சொந்தக் கருத்து, மருமகன் கோபித்தாலும் சரி. நமீபியாவில் வேட்டைப் பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் ரைஃபிளை வாடகைக்கே தருகிறார்கள். கையை வீசிக்கொண்டு போனால் இந்தப் பக்கம் முழுக்கத் தேவையே இல்லை. தன் ரைஃபிளால் சுட்டால்தான் திருப்தி என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் பேச வரவில்லை.

கேள்வி: மேலே எழுதியவரின் மனைவி நான். மருமகன் அங்கே சுடுகிற மானின் கொம்பு ஒன்றை ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வந்தால் முன்வாசலில் மாட்டலாமா? சிங்கம்பட்டி ஜமீனில் எல்லாம் மாட்டியிருப்பார்களே.

பதில்: மதினி, ஜமீன் காலம் வேறு. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த அப்புறம் இங்கே வேட்டை என்கிற பேச்சே முடிந்தது. அந்த மலையெல்லாம் 1988-லிருந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வெளிநாட்டுக் காட்டு மிருகத்தின் கொம்பு, தோல் எதையும் பயணப் பெட்டியில் இங்கே கொண்டுவர முடியாது. போட்டோ பெரிதாகப் போட்டு மாட்டுங்கள்.

நீங்கள் கேட்டதால் நினைவுக்கு வந்தது, இதுதான் கொம்பை விட முக்கியம். ஜூனில் வேட்டைக்குக் கொண்டுபோன பையையே தூக்கிக்கொண்டு ஆடி மாதம் இங்கே வரக் கூடாது. பக்கப் பாக்கெட்டின் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா சிக்கிக் கிடந்தால் போதும். ஜீன்ஸ் பையில் சில்லறை கிடக்கிற மாதிரி கிடக்கும், வீட்டில் தேடினால் தெரியாது, ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். நம் நாட்டு 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் தோட்டாவும் அடக்கம். தெரியாமல் கிடந்தது என்று உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அது வக்கீல் வைத்து, மாதக்கணக்கில் அலைந்து வாங்குகிற நியாயம். சொரிமுத்து அய்யனாரைப் பார்க்க வருகிறவருக்கு அது தேவையா? புதுப்பை வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். முதல் தடவையாக வெளிநாட்டுப் போட்டி, நடுவில் ஒன்பது மணி நேரம் காத்திருப்பு. ஏர் ரைஃபிளுக்கும் இதே தொல்லையா?

பதில்: ஆமாம் தாயி, ஏர்போர்ட்டுக்கு அதுவும் துப்பாக்கிதான். இங்கே உன் 4.5 மில்லிமீட்டர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் கேட்கவில்லை என்பதால் போகிற நாட்டிலும் நடுவில் நிற்கிற நாட்டிலும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிப் பதிலைப் பிரிண்ட் எடுத்து வை, போட்டி நடத்துபவர்களின் அழைப்புக் கடிதம் மேலேயே இருக்கட்டும். டேக் விஷயம் மேலே சொன்னதேதான், கோச் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் உன் டேக்கை நீயே படி. உனக்குத் தனியாக ஒன்று: காற்று சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுக்க வெளியே விட்டு, காலி என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். அழுத்தக் காற்று இருக்கிற சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள். இறங்குகிற இடத்தில் நிரப்பிக்கொள்ள வசதி இருக்கிறதா, உன் சிலிண்டருக்குப் பொருந்துகிற இணைப்பு அங்கே கிடைக்குமா என்று போட்டிக்காரர்களிடம் இப்போதே கேட்டு எழுது.