எந்த வாக்கியத்துக்கு எந்தச் சான்று?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஈரானியப் பண்பாடு பற்றி நான் பேச வேண்டும். அதற்காக விக்கிப்பீடியாவில் நவ்ரூஸ் என்ற ஈரானியப் புத்தாண்டு, சைரஸ் உருளை, கவிஞர் உமர் கய்யாம் என்று வரிசையாகப் படித்தேன். கட்டுரைகளுக்குப் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். தலை சுற்றிவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கிறார், முதலாமவர் மீண்டும் எழுதுகிறார். இவர்களில் யார் பேராசிரியர், யார் மாணவர் என்று எதுவும் தெரியவில்லை.

என்னை மிகவும் வருத்தியது ஒன்று. நவ்ரூஸ் மேசையைப் பற்றி ஈரானியர் ஒருவர், “இது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வருவது, 2500 ஆண்டுப் பழமை உடையது” என்று எழுதுகிறார். உடனே எங்கோ இருக்கும் ஒருவர், “சான்று எங்கே?” என்று கேட்கிறார். தன் வீட்டு வழக்கத்துக்கு ஒருவர் அயலாரிடம் சான்று காட்ட வேண்டுமா? இது பண்பாட்டையே அவமதிப்பது ஆகாதா? இப்படிச் சண்டை போட்டு எழுதிய கட்டுரைகளை நம்பி நான் மேடையில் பேசலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுரையோடு நிற்காமல் பேச்சுப் பக்கம் வரைக்கும் போயிருக்கிறீர்கள். உங்கள் உரைக்கு வேண்டிய சரக்கில் பாதி அங்கேதான் கிடக்கிறது. சண்டை நடக்கிறது என்பதற்காக ஒரு கட்டுரையைச் சந்தேகப்படாதீர்கள். ஈரானியப் பண்பாடு போன்ற விஷயத்தில் பேச்சுப் பக்கம் காலியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

யார் பேராசிரியர் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அங்கே இடம் கிடையாது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. எழுதுபவர் யாராக இருந்தாலும் அவருடைய சொந்த வாக்கு செல்லாது, அவர் காட்டுகிற நூல்தான் செல்லும். ஆனால் நூலைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான விவாதமே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த நூல் எதற்குச் சாட்சி? எதுவரை சாட்சி? நீதிமன்றத்தில் ஒரு சாட்சி தான் கண்டதைச் சொல்லலாம், காணாததைச் சொல்ல முடியாது. ஒரே சான்று ஒரு வாக்கியத்தைத் தாங்கும், அடுத்த வாக்கியத்தைத் தாங்காது. நீங்கள் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை.

சைரஸ் உருளையையே எடுத்துக்கொள்வோம். பாரசீக அரசர் சைரஸின் பெயரால் எழுதப்பட்ட இதை மனித உரிமைச் சாசனம் என்று பலர் கொண்டாடுகிறார்கள். 1879இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் பாபிலோனில் நடத்திய அகழ்வில் கிடைத்தது. ஒரு சாண் நீளமுள்ள சுட்ட களிமண் உருளை. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காடிய மொழியில், ஆப்பெழுத்தில், 45 வரிகள். கி.மு. 539இல் பாபிலோன் சைரஸின் கைக்கு வந்த பிறகு எழுதப்பட்டது. பாபிலோனின் பழைய அரசன் நபோனிடஸ் மர்துக் தெய்வத்துக்குரிய வழிபாட்டைக் கெடுத்தான், மர்துக் கோபம்கொண்டு நேர்மையான ஓர் அரசனைத் தேடினார், சைரஸின் கையைப் பிடித்து அழைத்து வந்தார், போரில்லாமல் நகருக்குள் நுழையச் செய்தார் என்று உருளை சொல்கிறது. அதன் பிறகு சைரஸே தன்மையில் பேசுகிறார். மக்களின் களைப்பைப் போக்கினேன், டைகிரிஸ் ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர்களின் தெய்வங்களை அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பினேன், அந்த மக்களையும் திரட்டி அவர்கள் இடங்களுக்கு அனுப்பினேன், நகரத்தின் மதிலைச் செப்பனிட்டேன் என்கிறார். மதில் வேலையின்போது தனக்கு முன்பிருந்த அசீரிய அரசன் அஷூர்பனிபாலின் கல்வெட்டைக் கண்டதாகவும் வருகிறது.

இவ்வளவுதான் அதில் இருப்பது. அடிமை முறையை ஒழித்தேன் என்று இல்லை. பழைய ஈரானியரின் தெய்வமான அஹுரா மஸ்தாவின் பெயர் இல்லை. யூதர்களின் பெயர்கூட இல்லை. “மக்கள் விரும்பாவிட்டால் ஆளமாட்டேன்” என்ற வரியும் இல்லை. ஆனால் இவற்றில் பல அடங்கிய ஒரு போலி மொழிபெயர்ப்பு நெடுங்காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2003இல் ஷிரின் எபாதி நோபல் அமைதிப் பரிசு ஏற்புரையில் சைரஸை நினைவுகூர்ந்தபோது, மக்கள் விரும்பாவிட்டால் ஆளமாட்டேன் என்ற அந்த வரியைத்தான் சொன்னார். நோபல் ஏற்புரையில் வந்த ஒன்றை எப்படித் தவறு என்பது என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அந்த உரை மிக நல்ல சான்று. 2003இல் ஈரானின் ஒரு மனித உரிமைப் போராளிக்கு சைரஸ் யாராக இருந்தார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. கி.மு. 539இல் களிமண்ணில் என்ன எழுதினார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

அதேபோல, 1971இல் ஈரானின் மன்னர் ஷா தன் 2500 ஆண்டு முடியாட்சி விழாவை நடத்தியபோது உருளையின் நகல் ஒன்று ஐ.நா.வுக்குப் பரிசாக வழங்கப்பட்டது. “ஐ.நா.வே மனித உரிமைச் சாசனம் என்று ஏற்றுக்கொண்டது” என்று பேச்சுப் பக்கத்தில் வாதிடுபவர்கள் இதைக் காட்டுவார்கள். ஒரு பரிசைப் பெற்றுக்கொண்டது வரலாற்றுத் தீர்ப்பு ஆகாது. இருபதாம் நூற்றாண்டு அரசியலில் அந்த உருளை என்னவாக ஆயிற்று என்று எழுதும் பத்திக்கு அந்த நிகழ்ச்சி கட்டாயம் வேண்டும். பண்டைய வரலாற்றுப் பத்தியில் அதற்கு வேலையில்லை.

எதிர்த்தரப்பும் எல்லை மீறியதுண்டு. இந்த உருளை மெசொப்பொத்தேமிய அரசர்கள் கட்டட அடித்தளத்தில் புதைக்கும் வழக்கமான ஆவணம்தான், எந்த மனிதக் கண்ணும் படிப்பதற்காக எழுதியது இல்லை, அதனால் இதைப் பிரகடனம் என்றே சொல்லக்கூடாது என்று அடித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். 2010 தொடக்கத்தில் அந்த வாதத்தின் கால் உடைந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேமிப்பிலேயே பல்லாண்டுகளாகக் கிடந்த இரண்டு களிமண் பலகைத் துண்டுகளில் அதே வாசகத்தின் பகுதிகள் இருப்பதை வில்பிரட் லாம்பர்ட், இர்விங் ஃபிங்கல் என்ற ஆப்பெழுத்து அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த வாசகம் பலகைகளிலும் படியெடுக்கப்பட்டிருக்கிறது, மதிலுக்குள் மட்டும் புதைந்து கிடக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே அது பிரகடனமும்தான். மனித உரிமைச் சாசனம் என்பது மட்டும் இன்றைக்கும் நிற்காது. ஒரு நல்ல கட்டுரை இந்த இரண்டையும் சொல்லும்.

இப்போது உங்களை வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். ஹஃப்த் சீன் என்ற அந்த நவ்ரூஸ் மேசையில் முளைவிட்ட கோதுமை, கோதுமை முளையில் கிண்டிய சமனூ என்ற களி, பூண்டு, ஆப்பிள், சுமாக், வினிகர், செஞ்செத் என்ற உலர்பழம் என்று பாரசீகத்தில் சீன் எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களை அடுக்குகிறார்கள். அந்த ஈரானியர் சொன்னதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் தலைமுறைகளாக இது உண்டு என்பது ஒன்று. 2500 ஆண்டுப் பழமை என்பது மற்றொன்று. முதல் கூற்றுக்கு அவரைவிட நல்ல சாட்சி உலகத்திலேயே கிடையாது. இரண்டாவதற்கு அவரும் நானும் நீங்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். ஒரு குடும்பத்தின் நினைவு கொள்ளுத்தாத்தா வரைக்கும் போகும். அதற்கு அப்பால் ஏடுதான் பேச வேண்டும்.

ஏடு என்ன சொல்கிறது? அல்-பிரூனி என்ற அறிஞர் 1000ஆம் ஆண்டளவில் எழுதிய காலக்கணக்கு நூலில் நவ்ரூஸ் விரிவாக வருகிறது. ஒருவர்மேல் ஒருவர் நீர் தெளிப்பது வருகிறது. சர்க்கரையைப் பரிசாகக் கொடுப்பது வருகிறது. ஏழு வகைத் தானியங்களை விதைத்து, அவை முளைக்கும் விதத்தைப் பார்த்து அந்த ஆண்டு விளைச்சலைக் கணிப்பதும் வருகிறது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இன்றைய மேசையில் தட்டில் முளைத்து நிற்கும் பச்சை அங்கேயே இருக்கிறது, ஏழு என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களின் மேசை அதில் இல்லை. ஈரானியப் பண்பாட்டுக்கான கலைக்களஞ்சியமான என்சைக்ளோபீடியா ஈரானிக்காவும் இந்த மேசை வழக்கத்தின் தோற்றம் தெளிவில்லாதது என்றே சொல்கிறது. இத்தனைக்கும் ஈரானிக்காவைத் தொடங்கி நடத்தியவர் எஹ்சான் யார்ஷாத்தர், ஈரானின் ஹமதானில் பிறந்த அறிஞர். அயலார் ஈரானியர்மேல் சுமத்திய ஐயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. முளைக்கும் தானியத்தின் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கும் மூத்தது, மேசையின் இன்றைய வடிவம் பிற்காலத்தது என்று எழுதினால் நவ்ரூஸ் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. எனக்கு அது இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

ஆனால் உங்கள் வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மழுப்ப விரும்பவில்லை. “சான்று எங்கே?” என்பதை ஒரு கதவை அறைந்து சாத்துவதுபோல் கேட்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய குறை, ஆங்கிலத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் சான்றே இல்லை என்று முடிவு கட்டுவது. விக்கிப்பீடியாவின் விதி அப்படிச் சொல்லவில்லை, எந்த மொழி நூலையும் காட்டலாம். பாரசீகத்தில் கொட்டிக் கிடக்கிறது. நாட்டார் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் எழுத்தாளர் சாதெக் ஹெதாயத் 1930களிலேயே திரட்டி நூலாக்கினார். அபுல்காசிம் அன்ஜவி ஷீராசி 1960களில் வானொலியில் நிகழ்ச்சி நடத்தி, உங்கள் ஊர் வழக்கத்தை எழுதி அனுப்புங்கள் என்று நேயர்களைக் கேட்டார். நாடெங்கும் இருந்து எழுதி அனுப்பினார்கள். கூலி வாங்காமல் எழுதிய தன்னார்வலர்கள் அவர்கள். குளிர்காலத் திருநாள்களைப் பற்றிய தொகுதிகள் அப்படித்தான் 1970களில் வெளிவந்தன. வாய்மொழியாக மட்டும் இருந்ததை இவர்கள் ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். அதைப் படிக்கத் தெரியாதவர் “சான்று இல்லை” என்று அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. “நான் பார்த்தவற்றில் இல்லை, பாரசீகத்தில் இருந்தால் காட்டுங்கள்” என்று கேட்டால்தான் அது விவாதம்.

பழைய பாரசீகப் பேரரசின் தலைநகரான பெர்செபொலிஸ் பற்றியும் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே 1933இல் ஆயிரக்கணக்கில் கிடைத்த எலாமிய மொழிக் களிமண் பலகைகள் அரசர் முதலாம் தாரியஸ் காலத்துப் படிக் கணக்குகள், அதாவது உணவுப் பங்கீட்டுக் கணக்குகள். யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு திராட்சை மது என்று இருக்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சிறப்புப் படி கொடுத்த பலகைகளும் உண்டு. ஆண் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்ததில் பாதிதான் பெண் பிள்ளை பெற்றவளுக்கு. இதிலிருந்து “அகமேனிய அரசு (சைரஸும் தாரியஸும் ஆண்ட பேரரசு) உலகிலேயே முதன்முதலாக மகப்பேறு விடுப்பு கொடுத்தது” என்று ஒரு வாக்கியம் பரவியிருக்கிறது. பலகை படியைச் சொல்கிறது, விடுப்பைச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்பவர்கள் அந்தப் பாதியையும் சொல்வதில்லை. நீங்கள் மேடையில் சொல்லுங்கள். தாரியஸ் காலத்துப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றதும் அவள் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது, எந்த ‘உலகின் முதல்’ என்ற பட்டத்தையும்விட அவையோரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலை வைத்து எழும் சண்டைகளையும் கவனித்திருப்பீர்கள். குதிரைமேல் அமர்ந்து ஆடும் சௌகான் ஆட்டத்தை 2013இல் அசர்பைஜான் தன் பெயரில் பதிவு செய்தது, 2017இல் ஈரான் தன் பெயரில் பதிவு செய்தது. இரு தரப்பாரும் பட்டியலைக் காட்டி ‘எங்களுடையது’ என்பார்கள். அந்த மரபு அந்த நாட்டில் உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் பட்டியல் சாட்சி. எங்கே பிறந்தது என்பதை அது தீர்மானிப்பதே இல்லை. நவ்ரூஸை 2009இல் ஏழு நாடுகள் சேர்ந்து பதிவு செய்தன, அவற்றில் இந்தியாவும் ஒன்று. அதை வைத்து நவ்ரூஸ் இந்தியாவில் பிறந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அறிஞர்களே தவறினால் என்ன செய்வது என்று உங்களுக்கு அடுத்த ஐயம் வரும். தவறியிருக்கிறார்கள். கய்யாமின் பாடல்கள் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தேதி போட்ட இரண்டு சுவடிகளை நம்பி, ஆர்தர் ஆர்பரி என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1949இலும் 1952இலும் நூல்கள் வெளியிட்டார். பாரசீகத்தில் அவருக்கு இணையாக அன்று இங்கிலாந்தில் சிலரே இருந்தார்கள். அந்தச் சுவடிகள் இருபதாம் நூற்றாண்டுப் போலிகள் என்று பின்னர் தெரிந்தது. அந்த நூல்களை இன்று ஒருவர் சான்றாகக் காட்டினால், நூலும் உண்மை, ஆசிரியரும் உண்மை, பக்க எண்ணும் சரி, ஆனாலும் அந்தப் பாடல் கய்யாமுடையது என்பதற்கு அது உதவாது. நூலின் பெயரைப் பார்த்து நின்றுவிடாமல், அதற்குப் பிறகு அந்த நூலைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடிப் படித்த ஒருவர்தான் இதைப் பேச்சுப் பக்கத்தில் எடுத்துச் சொல்ல முடியும். அதற்கு அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், நூலகம் வேண்டும்.

உங்கள் உரைக்குச் சில யோசனைகள். கட்டுரையில் ஒரு வரி பிடித்திருந்தால் அடிக்குறிப்பைத் திறந்து, அந்த நூல் அந்த வரியைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள். அடிக்குறிப்பு ஒரு செய்தித்தாள் என்றால் அதன் தேதியையும், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த வரி ஏறிய தேதியையும் ஒப்பிடுங்கள். செய்தித்தாளே விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துப் போட்டு, அதே வரிக்கு அந்தச் செய்தித்தாளே சான்றாகத் திரும்பி வருவது உண்டு. சைரஸ் உருளைக்கு வேறு எங்கும் போகாதீர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தளத்தில் ஃபிங்கலின் முழு மொழிபெயர்ப்பு இருக்கிறது. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம், மேடையிலேயே சில வரிகளை வாசித்தும் காட்டலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த ஈரானியர் எழுதிய இடத்துக்குக் கீழே நீங்களே ஒரு குறிப்பு போடலாம், யாருக்கும் தடையில்லை. அன்ஜவியின் தொகுதிகள் அவர் கைக்கு எட்டுமா, அவருடைய ஊரிலிருந்து வந்த கடிதம் ஏதாவது அவற்றில் அச்சாகியிருக்கிறதா, பக்க எண் தர முடியுமா என்று கேளுங்கள்.

அன்புடன்.