புரோபயாடிக் மாத்திரையும் நுண்ணுயிர் உரமும் நிஜமாகவே வேலை செய்கிறதா, வெறும் விற்பனைப் பேச்சா?

ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து அம்மாவுக்கு எழுதித் தந்த புரோபயாடிக், அதாவது நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய மாத்திரை, தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உளுந்துக்கு உயிர் உரம் கலக்கச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா என்றும். நான் நுண்ணுயிரியல் படித்தவள். எங்கள் வீட்டில் உளுந்தும் விதைக்கிறோம். அதனால் உளுந்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களுக்குத் திருவாரூர் பக்கம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே மண் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அப்பா முதல்முறையாக ரைசோபியம் என்ற உயிர் உர பாக்கெட் வாங்கி விதையில் கலந்தார். பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, அதற்குள் இருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா அது. ஒரு மாதத்தில் செடி வெளிறிவிட்டது. விடுமுறைக்குப் போயிருந்த நான் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வாய்க்கால் தண்ணீரில் வேரை அலசிப் பார்த்தேன். முடிச்சுகள் கடுகைவிடச் சிறியவை. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை.

வேலை செய்கிற முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று அங்கே இருக்கிறது, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் அந்த பாக்டீரியா உயிர் வாழவே ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் தோதாக ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அந்தச் சிவப்புப் பொருள்தான். முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, இப்போதும் அப்படித்தான்.

மிச்சமிருந்த பாக்கெட்டைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஒரு கிராமை லட்சம் மடங்கு நீர்த்து, அதில் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கைத் தட்டில் பரப்பினால் 50 காலனியாவது (ஒரு செல் பெருகி உண்டாகும் புள்ளி) வந்தாக வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் காங்கோ ரெட் சாயம் கலந்திருப்போம். ரைசோபியம் அந்தச் சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாமல், வெள்ளையாக, பிசின் மாதிரி வளரும். எனக்கு வந்தது 2 காலனி.

தப்பு எங்களுடையதுதான். பாக்கெட்டை ஐப்பசியிலேயே வாங்கி, தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் வைத்திருந்தார்கள். போதாததற்கு, விதையில் பூஞ்சாணக்கொல்லி கலந்த அன்றைக்கே இதையும் கலந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது விட்டிருக்க வேண்டும். அடுத்த வருஷம் புது பாக்கெட், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தித் தெளித்தோம். மகசூலில் மழைக்கும் பங்கு உண்டு, அதனால் அந்தக் கணக்கைச் சொல்லமாட்டேன். முடிச்சுகள் இளஞ்சிவப்பாக இருந்தன.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு பிரேசில். சோயாவுக்கு யூரியா கொட்டாமல் பாக்டீரியாவை நம்பலாம் என்று 1960களிலேயே விடாமல் வாதாடியவர் யோகன்னா டோபெரைனர் என்ற விஞ்ஞானி. அவர் வழியில் வந்த மரியாஞ்சலா ஹுங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர் உழைப்பில் உருவான நுண்ணுயிர்க் கலவைகள் அங்கே 4 கோடி ஹெக்டேருக்கு மேல் பயன்படுகின்றன. இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யும் உரம் அந்த அளவுக்கு மிச்சம். சோயாவுக்கான வகை உளுந்துக்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குடலுக்கும் இதே கதைதான், எந்த வகை என்பதுதான் முக்கியம். பினாகி பாணிக்கிரஹி என்ற மருத்துவர் ஒடிசா கிராமங்களில் பச்சிளம் குழந்தைகளிடம் நடத்திய சோதனை 2017இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. 280க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைச் சலித்துப் பார்த்து, ஆரோக்கியமான குழந்தை ஒன்றின் மலத்திலிருந்து எடுத்த லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையும் சேர்த்து, ஏழு நாள். 4,556 குழந்தைகள். வெறும் பொடி கொடுத்த குழுவில் நூற்றுக்கு 9 குழந்தைகள் ரத்தத் தொற்றுக்கோ சாவுக்கோ ஆளாயினர். பாக்டீரியா கொடுத்த குழுவில் 5.4. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் திட்டமிட்டதற்கு முன்பே சோதனையை நிறுத்திவிட்டார்கள். பிறந்து சில நாளே ஆன பிள்ளைகள், கிராமத்து வீடுகள், செலவோ மிகக் குறைவு. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நம் நாட்டில் நடந்த மிக முக்கியமான வேலை இதுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகக் கைக்குழந்தைக்கு எதையும் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சோதனையில் இருந்தவை நிறைமாதத்தை ஒட்டிப் பிறந்து, 2 கிலோவாவது எடையிருந்து, தாய்ப்பால் குடித்த குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் ஆபத்தாகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்திருக்கிறது.

புகழ்பெற்ற வகை என்றாலே பலிக்கும் என்பதும் இல்லை. வயிற்றுப்போக்கோடு வந்த 971 அமெரிக்கக் குழந்தைகளுக்கு லாக்டோபேசிலஸ் ஜிஜி என்ற பெயர்போன புரோபயாடிக் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த 2018 சோதனையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சரி, அம்மா விஷயம். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கத்தான் புரோபயாடிக்குக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. குழந்தைகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வில், புரோபயாடிக் இல்லாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும், எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. பெரியவர்களையும் சேர்த்த 2012 தொகுப்பும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே இதையும் தொடங்க வேண்டும். நம் மருத்துவர்கள் அதிகம் எழுதும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை. அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. பாக்டீரியா வகை என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. அம்மாவுக்கு எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தோ கீமோவோ நடந்தால், கழுத்து நரம்பில் குழாய் போட்டிருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் ஈஸ்ட் வகையைக் கொடுக்க வேண்டாம், அது ரத்தத்தில் கலந்துவிட்ட சம்பவங்கள் உண்டு.

ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடரச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் நடத்திய ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பத் தாமதமானது. ஒன்றும் எடுக்காதவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் திரும்பின. ஆள் எண்ணிக்கை குறைவு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நான் என் அம்மாவுக்கு அந்த மாத்திரையை நீட்டிக்கவில்லை.

தயிர், பழைய சோறு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், உணவாக. பழைய சோற்றில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. இட்லியில் ஆவியில் செத்துவிடும், என்றாலும் மாவு புளிக்கும்போது செய்துவைத்த நல்லது அப்படியே இருக்கும்.

உளுந்துக்கு வாங்கும்போது பாக்கெட்டில் பயிரின் பெயரும் காலாவதித் தேதியும் பாருங்கள். கடைக்காரர் அதை வெயிலில் வைத்திருந்தால் வேறு கடைக்குப் போங்கள். விதைத்த முப்பதாம் நாள் நாலைந்து செடியைத் தோண்டி, பிடுங்காமல் தோண்டி, முடிச்சைக் கிள்ளிப் பார்த்து நிறத்தை எழுதுங்கள்.