ஊதாக் கோடு இருக்கும்வரை ஊர் பிடிபடாது

"ஜிடிஏ 5 வீடியோ கேம் விளையாடத் தொடங்கி மூன்று மாதமாகிறது. மினிமேப் என்ற குட்டி வரைபடம் இல்லாமல் ஒரு தெருகூடத் தெரியவில்லை. அதை அணைத்தால் தொலைந்துபோகிறேன். என்ன செய்வது?" என்று கேட்கிறார் கிருஷ்ணகிரிக் கல்லூரி மாணவர் ஒருவர்.

மினிமேப் இருந்துவிட்டுப் போகட்டும். உங்களைக் கெடுப்பது, குறித்த இடத்துக்கு வழிகாட்டி அதன்மேல் ஓடும் ஊதாக் கோடு. அது இருக்கும்வரை கண் திரையின் இடது கீழ்மூலையை விட்டு நகராது. ஆட்டத்தை இடையில் நிறுத்தினால் வரும் பாஸ் மெனுவில் செட்டிங்ஸ், அதற்குள் டிஸ்பிளே என்று போனால் 'ஜிபிஎஸ் ரூட்' இருக்கும். அதை மட்டும் அணையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் மினிமேப்பும் சுழல்கிறது. அடுத்த திருப்பம் இடமா வலமா என்று பார்க்க அது வசதிதான். ஆனால் வடக்கு இப்போது மேலே, அடுத்த நொடி பக்கவாட்டில் என்றால் மனத்தில் படம் எப்படித் தங்கும்? பாஸ் மெனுவிலுள்ள பெரிய வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலேதான். புறப்படும் முன் அதில் திசையையும் பெரிய சாலையையும் பார்த்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

பிறகு தலையை நிமிர்த்துங்கள். தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது சையது பாஷா மலை கண்ணில் பட்டதும் பையைத் தோளில் மாட்டுகிறீர்கள் அல்லவா? ஆட்டத்தின் நகரமான லாஸ் சாண்டோஸில் அந்த மலையின் வேலையைச் செய்வது மேஸ் பேங்க் கோபுரம். நகரிலேயே உயரமான கட்டடம் அதுதான். வைன்வுட் என்ற பெயர்ப்பலகையின் பெரிய எழுத்துகள் நகருக்கு வடக்கே குன்றின்மேல் நிற்கின்றன. அவற்றை நேராகப் படிக்க முடிந்தால் உங்கள் முகம் ஏறக்குறைய வடக்கே இருக்கிறது. தலைகீழ் வரிசையில் தெரிந்தால் ஊரைத் தாண்டிப் பின்பக்கம் வந்துவிட்டீர்கள். தெருப் பெயர் வலது கீழ்மூலையில் வந்து மறையும். அதையும் படியுங்கள், பலர் படிப்பதே இல்லை.

ஆட்டத்தின் நாயகர்களில் ஒருவரான மைக்கேல் வீட்டிலிருந்து விமான நிலையம் வரை போய், வரைபடத்தைத் தொடாமல் திரும்பி வாருங்கள். திரும்பும்போதுதான் தடுமாறுவீர்கள், ஏனென்றால் அதே தெரு எதிர்ப்பக்கமிருந்து வேறு தெருவாகத் தெரியும். நாலு நாள் விடாமல் செய்தால் பிடிபட்டுவிடும்.

எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தாது. 2002-இல் வந்த மாரோவிண்ட் ஆட்டத்தில் பாத்திரங்களே வழி சொல்வார்கள். ஆனால் பாத்திரங்கள் இடத்தைச் சொல்லாமல் வரைபடக் குறியை மட்டும் நம்பி எழுதப்பட்ட ஆட்டங்களில் எல்லாவற்றையும் அணைத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 நடுவழி காட்டுகிறது: கன்ட்ரோலரில் கீழ் அம்பை அழுத்திப் பிடித்தால் மினிமேப்புக்குப் பதில் வெறும் திசைகாட்டியை வைத்துக்கொள்ளலாம்.

ஜிடிஏவில் போலீஸிடமிருந்து ஒளியும்போது மட்டும் தயங்காமல் மூலையைப் பாருங்கள். அவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பது மினிமேப்பில்தான் தெரியும்.