தோல் முட்டை: கிளிஞ்சலை எப்போது வைக்கிறீர்கள்?

கேள்வி: மொட்டை மாடியில் ஆறு கிராமப்பிரியா கோழிகள் வளர்க்கிறேன். அரிசி நொய், தவிடு, மீந்த சோறுதான் தீவனம். வெயில் ஏறியதிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு தோல் முட்டை (கெட்டி ஓடில்லாமல் தோல் மட்டும் மூடிய முட்டை) வருகிறது. தினமும் காலையில் தண்ணீரில் கால்சியம் டானிக் கலந்து கொடுத்தும் நிற்கவில்லை. இது நோயா? அந்த முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: கோழிகள் சுறுசுறுப்பாக மேய்ந்து, இருமல் சளி இல்லாமல் இருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தீவனத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும் என்பதால், முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 4 கிராம் அளவுக்குக் கிடைக்க வேண்டும். நொய்யிலும் சோற்றிலும் கால்சியம் பேருக்குத்தான் இருக்கிறது. தவிடு அதிகமானால், இருப்பதையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு 60, 80 முட்டை இடும் நாட்டுக்கோழி இதை வைத்தே சமாளித்துவிடும். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடும் கிராமப்பிரியாவால் முடியாது. கொஞ்ச நாள் தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் குறைந்ததும் தோல் முட்டைதான்.

சரி, டானிக் கொடுத்தும் ஏன் நிற்கவில்லை? ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில். காலையில் குடித்த டானிக் அதற்குள் குடலைத் தாண்டிப் போயிருக்கும். கால்சியத்துக்குக் கிளிஞ்சல் வைத்தால் அப்படியல்ல. பச்சைப்பயறு அளவுத் துண்டுகளாக இருந்தால் அரைவைப் பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். மாவாகப் பொடித்தால் அந்தப் பலன் போய்விடும். தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும், மாலை நாலு மணிக்குள் அது நிறைந்திருக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது கோழிக்கே தெரியும். தேவைப்படும் கோழிதான் தேடி வந்து கொத்தும்.

கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் வீட்டு முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் சூடாக வறுத்து, நொறுக்கி வையுங்கள். ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுங்கட்டும், இல்லையென்றால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

தீவனத்தில் பாதியையாவது முட்டைக்கோழித் தீவனமாக மாற்றுங்கள். கூடவே குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்குத் தனியாக வைக்க வேண்டும். அவ்வளவு கால்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் வெயில். வாயைப் பிளந்து இளைக்கும் கோழியின் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓடு கட்ட அதுவும் வேண்டும். போதாக்குறைக்கு வெக்கையில் தீனியும் எடுக்காது. கூண்டின் மேல் தென்னங்கீற்று போட்டு, மதியம் குளிர்ந்த தண்ணீர் மாற்றி வையுங்கள். அதற்காக நாள் முழுக்க நிழலிலேயே அடைக்காதீர்கள். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், காலை வெயிலில் இரண்டு மணி நேரம் திரியட்டும்.

இதையெல்லாம் செய்து இரண்டு வாரம் பாருங்கள். எல்லாம் சரியாகி ஒரே கோழி மட்டும் தொடர்ந்தால் அது வயதான கோழியாகவோ, முட்டைப்பையில் கோளாறு உள்ளதாகவோ இருக்கலாம். எந்தக் கோழி என்று கண்டுபிடிக்க, விடிந்ததும் அடையும் கட்டைக்குக் கீழே பாருங்கள். தோல் முட்டை பெரும்பாலும் இரவில் அங்கேதான் விழும். முதன்முதலாக முட்டையிடும் விடைக்கோழி ஒன்றிரண்டு தோல் முட்டை இட்டால் கண்டுகொள்ள வேண்டாம்.

சாப்பிடுவதைப் பொறுத்தவரை, நான் தூக்கிப் போட்டுவிடுவேன். ஓடு இல்லாத முட்டைக்குள் எச்சத்தில் உள்ள கிருமி எளிதில் புகுந்துவிடும்.

சளியோடு சுருங்கிய ஓடும் நீர்த்த வெள்ளைக்கருவும் வந்தாலோ, ஒரு கோழி வாலைத் தொங்கவிட்டு நெஞ்சை நிமிர்த்தி முக்கிக்கொண்டே நின்றாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.