பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1980-களில் கட்டிய 34 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை கட்டுப்படியாகிறது. மேல்தளமான டெக்கில் நடக்கும்போது பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஓரிடம் மட்டும் லேசாக அமுங்குகிறது. ‘பழைய படகென்றால் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலானவற்றில் டெக் மூன்று அடுக்கு. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல், நடுவில் பால்சா கட்டை அல்லது ஒட்டுப்பலகை. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வரைதான் டெக் விறைப்பாக நிற்கும். கைப்பிடித் தூண், கயிறு கட்டும் கிளீட், கயிறு இழுக்கும் வின்ச் என்று எது பொருத்தினாலும் இந்த மூன்றையும் துளைத்துத்தான் போல்ட் போடுகிறார்கள். துளையை அடைத்த சீலன்ட் சில வருடங்களில் இறுகி, வெடித்து, பிடி விட்டுவிடும். பிறகு ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் நீர் உள்ளே போகும். கேபினில் ஒழுகாவிட்டாலும் நடுவிலுள்ள கட்டை ஊறிக் கூழாகிக்கொண்டிருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியால் டெக் முழுவதும் இரண்டு, மூன்று அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று தெறிப்பாக ஒலிக்கும். ஊறிய இடத்தில் ‘தொப்’பென்று சத்தம் அமுங்கிவிடும். சத்தம் மாறும் எல்லையை ஒட்டுத்தாளால் குறித்து வாருங்கள். அரை மணி நேரத்தில் படகின் நோய் உங்கள் கண் முன்னே வரைபடமாகிவிடும். ஒரு தூணைச் சுற்றி உள்ளங்கை அகலம் என்றால் பயமில்லை. மேல்தோலை வெட்டி எடுத்து, ஊறிய கட்டையைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, புதுக் கட்டை வைத்து எப்பாக்ஸிப் பசையால் மூட வேண்டும். துளை போட்டு எப்பாக்ஸியை ஊசியால் ஏற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஈரக் கட்டையில் எப்பாக்ஸி ஒட்டாது. அந்த வேலை வீண்.

பாய்மரத்தை ஒட்டிய இடம் என்பதால்தான் உங்கள் படகைப் பற்றிக் கவலைப்படுகிறேன். பாய்மரம் டெக்கின் மேலேயே நிற்கும் வகை என்றால், கம்பி வடங்கள் இழுக்கும் இழுப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் இறங்குகிறது. கேபினுக்குள் போய், பாய்மரத்துக்கு நேர் கீழே இருக்கும் தாங்குதூணின் அடியைப் பாருங்கள். பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். சட்டத்தில் உரசி மாட்டிக்கொண்டால் டெக் அங்கே இறங்கியிருக்கக்கூடும். இறங்கியிருப்பது உறுதியானால் வேறு படகு தேடுவதே என் யோசனை.

கேள்வி: பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பி வடங்கள் பளபளவென்று துருவில்லாமல் இருக்கின்றன. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: எப்போது போட்டது என்று ரசீதோடு சொல்ல முடியாவிட்டால் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். 10 முதல் 15 வருடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள். அதற்கு மேல் போனால் காப்பீட்டு நிறுவனங்களே கேள்வி கேட்கும். கம்பியின் நடுப்பகுதி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கெடுவது முனை. கம்பி வழியே வழியும் உப்புநீர் கீழ்முனையின் அழுத்திப் பொருத்திய குழலுக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்தக் குழலைத் துடைத்துவிட்டு உருப்பெருக்கியால் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அந்த வடத்தின் ஆயுள் முடிந்தது. கம்பியில் மெல்லிய காகிதத்தைச் சுற்றி இழுத்தால், அறுந்த இழை இருக்குமிடத்தில் கிழியும்.

கம்பி வடங்களைப் படகோடு பிணைக்கும் உலோகப் பட்டையான செயின்பிளேட்டை மறக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமலிருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். டெக்குக்குள் புதைந்த இடத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே மின்னும் பட்டை உள்ளே பாதி அரிக்கப்பட்டிருக்கும். ஒன்றையாவது கழற்றிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: படகின் அடியில் கனமாகத் தொங்கும் கீல், படகோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் கோடு தெரிகிறது. ஆபத்தா?

பதில்: பெயின்ட் மட்டும் விட்டிருக்கலாம், போல்ட்டும் தளர்ந்திருக்கலாம். படகைக் கிரேன் பட்டைகளில் தூக்கும்போது அந்தக் கோட்டையே கவனியுங்கள். கீல் தொங்கும்போது கோடு வாய் திறந்தாலோ, உள்ளிருந்து துருநீர் வடிந்தாலோ விஷயம் பெரிது. அடுத்து கேபின் தரைக்குக் கீழேயுள்ள பள்ளமான பில்ஜை மூடிய பலகைகளைத் தூக்கி, கீல் போல்ட்டுகளின் நட்டுகளையும் சுற்றியுள்ள குறுக்குச் சட்டங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீலின் பின்முனைக்கு மேலே உள்ள பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். படகு பாறையில் முட்டும்போது கீலின் முன்பக்கம் கீழே இழுபடும். பின்முனை படகுக்குள் மேல்நோக்கிக் குத்தும். பழைய முட்டலின் தடம் அங்கேதான் இருக்கும்.

2014 மே மாதம் அட்லாண்டிக்கில் ‘சீக்கி ரஃபிகி’ என்ற பந்தயப் படகு கீலை இழந்து கவிழ்ந்ததில் நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. ஆகவே ‘எப்போதாவது தரைதட்டியதா, யார் சரிசெய்தார்கள்?’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

கேள்வி: அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் இருக்கின்றன.

பதில்: பத்து, இருபது கொப்புளங்களால் எந்தப் படகும் மூழ்காது. விலையைக் குறைத்துக் கேட்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடிப்பகுதி முழுக்கப் பரவியிருந்தால் மட்டும் யோசியுங்கள். மேல்பூச்சை உரித்து மாதக்கணக்கில் உலரவிட வேண்டியிருக்கும்.

கேள்வி: 35 வருட டீசல் இன்ஜின் 900 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. நல்லதுதானே?

பதில்: வருடத்துக்கு 26 மணி நேரம்கூட இல்லை. டீசல் இன்ஜினுக்கு ஓட்டத்தைவிடச் சும்மா கிடப்பதுதான் கெடுதல். பேட்டரி ஏற்றுவதற்காக மெதுவோட்டத்திலேயே ஓடவிட்டிருந்தால், புகையும் கடல்நீரும் கலக்கும் எக்சாஸ்ட் முழங்கை கரியும் உப்புமாக அடைத்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும்.

நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் உள்ளங்கையை இன்ஜின் மேல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். எண்ணெய் பால் போலிருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். வெள்ளைப் புகை குளிர்ந்த இன்ஜினில் சிறிது நேரம் வரலாம். சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் சந்தேகம். பிறகு கடலில் 15, 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, வெப்பமானி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் எப்படியும் வருவார். நானும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

பதில்: பாருங்கள். சர்வேயருக்கும் கிரேனுக்கும் காசு கொடுக்கும் முன்பே தள்ள வேண்டிய படகைத் தள்ளிவிடலாம். சர்வேயரை நீங்களே தேடுங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் ஆள் வேண்டாம். சர்வேயர் பெரும்பாலும் பாய்மரத்தில் ஏற மாட்டார், இன்ஜினைப் பிரிக்க மாட்டார். அவற்றுக்குத் தனி ஆட்கள் வேண்டும். சர்வேயும் கடல் ஓட்டமும் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால்தான் விற்பனை, இல்லாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.