எதிர்ப்பாற்றலின் கண்ணில் மண்ணைத் தூவும் நுரையீரல் புற்று

கேள்வி: காய்ச்சலை விரட்டும் உடம்பு, நுரையீரல் கட்டியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது?

விட்டுவிடுவதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கொல்கிறது. தப்பியவற்றின் வாரிசுகள்தான் கட்டியாக வளர்கின்றன. நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி செல்கள் அதைப் பார்த்துத்தான் ஆள் அடையாளம் காண்கின்றன. அந்த எச்.எல்.ஏ.வையே புற்று தொலைத்துவிடும். முழுவதும் தொலைத்தால் எச்.எல்.ஏ. இல்லாத செல்களைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்களிடம் மாட்டிக்கொள்ளும் என்பதால், அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்த ஒரு பிரதியை மட்டும் இழப்பது அதற்கு வசதி. நுரையீரல் புற்றில் பரவலாகக் காணப்படும் ‘சிறுசெல் அல்லாத’ வகையில் ஏறக்குறைய 40 சதவீதக் கட்டிகளில் இந்த இழப்பு இருப்பதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

கேள்வி: அப்பாவின் பரிசோதனையில் பிடி-எல்1 60 சதவீதம். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். டி செல்கள் நம் உடம்பையே தாக்கிவிடாமலிருக்க அவற்றில் பிடி-1 என்ற பிரேக் உண்டு. 1992இல் ஜப்பானிய விஞ்ஞானி தாசுகு ஹோஞ்சோவின் குழு அதைக் கண்டறிந்தது. 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்றுசெல் பிடி-எல்1 என்ற தன் புரதத்தின் மூலம் அந்தப் பிரேக்கை மிதிக்கிறது. உங்கள் அப்பாவின் கட்டியில் நூற்றுக்கு 60 செல்கள் அப்படிச் செய்கின்றன. அதைத் தடுக்க மருந்து இருக்கிறது. அளவு 50 அல்லது அதற்கு மேல் இருந்து, இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றங்கள் இல்லையென்றால், கீமோ இல்லாமல் பிரேக்கை விலக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் தருவதும் ஒரு வழி. மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: புகையே பிடிக்காத அம்மாவுக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம். இம்யூனோதெரபி ஏன் தரவில்லை?

புகை மரபணுவில் ஏராளமான பிழைகளை உண்டாக்கும். பிழை கூடக் கூட கட்டி அந்நியமாகத் தெரியும். அம்மாவுக்கு வந்த வகையில் பிழைகள் குறைவு, அதனால் பிரேக்கை எடுத்தாலும் டி செல்களுக்கு இலக்கு சரியாகத் தெரிவதில்லை. இஜிஎஃப்ஆரைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைதான் முதல் தேர்வு. இம்யூனோதெரபி கொடுத்த கையோடு அந்த மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடும். மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி, மாத்திரை உதவுமா?

உதவாது. சக்திக்குக் குறைவில்லை, அது தடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று: இம்யூனோதெரபியில் பிரேக் விலகும்போது நல்ல நுரையீரலும் தாக்கப்படலாம். புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சளிதானே என்று காத்திருக்காதீர்கள்.